குடிமைப் பணித் தேர்வில் தமிழ்: வரலாறு

குடிமைப் பணித் தேர்வு என்பது இந்திய ஆட்சிப் பணி, இந்தியக் காவல் பணி, இந்திய வெளியுறவுப் பணி முதலியவற்றுக்கு அலுவலர்களைத் தேர்ந்தெடுக்க மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுதோறும் நடத்தும் போட்டித் தேர்வாகும். இதன் பாடத்திட்டத்தை மாணவர்கள் பலரும் அறிவர். ஆனால் இத்தேர்வு எங்கே, எந்த மொழியில் நடந்தது என்பதே யார் அதை எழுத முடியும் என்பதைத் தீர்மானித்து வந்துள்ளது. அந்த வரலாறு சுருக்கமாக இங்கே தரப்படுகிறது.

தமிழ் படித்த ஆங்கில அதிகாரிகள்

கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் போட்டித் தேர்வு வைத்து எடுக்கவில்லை. இயக்குநர்களின் பரிந்துரையே போதுமானதாக இருந்தது. எனினும் சென்னைக்கு வந்த இளம் அதிகாரிகள் இந்நாட்டு மொழிகளைக் கற்றுத் தேர்ச்சி பெற வேண்டும் என்பதற்காக 1812இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. தமிழ்ப் புலவர்கள் அங்கு ஆசிரியர்களாகப் பணிபுரிந்தனர். அவர்களுள் ஒருவரான தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்த பஞ்சதந்திரக் கதைகள் 1826இல் வெளிவந்தது. ஆட்சி செய்ய வருபவர் மக்களின் மொழியை அறிந்திருக்க வேண்டும் என்ற தேவையால் தமிழ் உரைநடையும் வளர்ந்தது.

கடல் கடந்த தேர்வு

1853ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் பரிந்துரை முறையை ஒழித்தது. 1855இல் முதல் போட்டித் தேர்வு லண்டனில் நடைபெற்றது. 1854இல் மெக்காலே குழு வகுத்த திட்டத்தில் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் தலா 750 மதிப்பெண்கள். சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் தலா 375. தமிழ் முதலிய வட்டார மொழிகள் போட்டிப் பாடங்களில் இடம்பெறவில்லை.

சட்டப்படி இந்தியரும் எழுதலாம். ஆனால் கப்பல் செலவும் லண்டன் வாசமும் எத்தனை குடும்பங்களுக்கு இயலும்? 1863இல் இத்தேர்வில் வென்ற முதல் இந்தியர், கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் தமையனார் சத்யேந்திரநாத் தாகூர் ஆவார். 1878 முதல் உயர்ந்தபட்ச வயது 19 ஆகக் குறைக்கப்பட்டது. இந்தியாவில் பட்டப்படிப்பை முடிக்கும் முன்பே வாய்ப்பு முடிந்துவிடும் நிலை. எனவே 1885இல் கூடிய முதல் காங்கிரஸ் மாநாடு, இங்கிலாந்தில் நடக்கும்போதே இந்தியாவிலும் தேர்வு நடத்தக் கோரியது. அது நிறைவேற 37 ஆண்டுகள் ஆயின. 1922இல்தான் அலகாபாத்தில் தேர்வு நடந்தது. 1926இல் மத்தியில் தேர்வாணையம் அமைந்தது. 1929இல் சென்னை மாகாணம் தனக்கெனத் தேர்வாணையம் அமைத்தது; மாகாணங்களில் இதுவே முதலாவது.

தமிழில் எழுதும் உரிமை

விடுதலைக்குப் பிறகும் ஆங்கிலத்தின் இடம் மாறவில்லை. கோத்தாரி குழுவின் பரிந்துரையை ஒட்டி 1979இல் முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என்ற இன்றைய அமைப்பு வந்தது. முதன்மைத் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளில் எழுதும் வாய்ப்பும் அப்போதுதான் கிடைத்தது. 2013 மார்ச்சில் இவ்வுரிமையைக் கட்டுப்படுத்தும் விதிகள் அறிவிக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்ததால் அவை அம்மாதமே கைவிடப்பட்டன. பெற்ற உரிமையையும் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதற்கு இது சான்று.

மாநிலத் தேர்வுகளில் நிலைமை வேறு. தமிழ் வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2021இல் வெளியான அரசாணைப்படி தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் கட்டாயத் தமிழ்த் தாளில் 40 விழுக்காடு பெற வேண்டும்.

செட்டிநாட்டு மாணவரும் இன்றைய தடையும்

இத்தேர்வுக்குப் பட்டம் அடிப்படைத் தகுதி. காரைக்குடியில் அந்த வாய்ப்பை உண்டாக்கியது 1947இல் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரி. 1985இல் அழகப்பா பல்கலைக்கழகமும் உருவானது. முதல்நிலைத் தேர்வுக்கு இன்று லண்டனோ அலகாபாத்தோ செல்ல வேண்டாம். மதுரையிலோ திருச்சியிலோ எழுதலாம். 2023இல் தமிழக அரசு, நான் முதல்வன் திட்டத்தின்கீழ் 1000 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்கள் வழங்கும் திட்டத்தை அறிவித்தது. தூரமும் செலவும் ஓரளவு குறைந்துள்ளன.

மொழித் தடை மட்டும் முழுமையாக நீங்கவில்லை. மொழித் தாள்கள் நீங்கலாக, வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அச்சாகின்றன. தமிழில் விடை எழுதுபவர் வினாவை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொண்டு, அதைத் தமிழில் சிந்தித்து, அதே நேரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும். இந்தி மாணவருக்கு இந்தச் சுமை இல்லை. ஆகவே தமிழில் எழுத விரும்பும் மாணவர்கள் பொருளியல், அரசியலமைப்பு, அறிவியல் கலைச்சொற்களை இரு மொழிகளிலும் அறிந்துவைத்துக்கொள்வது நல்லது. பள்ளிப் பாடநூல்களின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது இதற்கு எளிய வழி. வினாத்தாளும் தமிழில் வரும்போதுதான் 1979இல் கிடைத்த உரிமை நிறைவுபெறும்.