பதநீர் முதல் பிராந்தி வரை: தமிழகக் குடிப்பழக்க மாற்றத்தில் வயதும் தலைமுறையும் (1937–2003)

ஆய்வுச்சுருக்கம்

வயது ஏற ஏறக் குடியின் சுவையும் அளவும் முறையும் மாறுகின்றன என்னும் கருத்து பொதுவழக்கிலும் நலவியல் எழுத்துகளிலும் நிலைபெற்றுள்ளது. தமிழகத்தில் ஒருவர் எந்த வயதில் எதைக் குடித்தார் என்பதை அவருடைய உடலைவிட அவர் பிறந்த ஆண்டும் அவ்வக்காலச் சட்டமுமே மிகுதியும் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு முதல் 2003-இல் அரசே சில்லறை மது விற்பனையை மேற்கொண்டது வரையிலான காலம் ஆய்வெல்லையாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: கள், பதநீர், மதுவிலக்கு, தலைமுறை, வயது, டாஸ்மாக்

முன்னுரை

இளமையில் கள், நடுவயதில் சாராயம், முதுமையில் ஒரு குவளை பிராந்தி என்று தம் குடிவாழ்வை வரிசைப்படுத்திச் சொல்லும் முதியவர்களைத் தமிழகச் சிற்றூர்களில் இன்றும் காணலாம். கேட்பவர் இதனை வயதின் கதையாகவே கொள்வர். நாக்கு இனிப்பிலிருந்து புளிப்புக்கும், புளிப்பிலிருந்து கசப்புக்கும் காரத்துக்கும் நகர்ந்தது என்பது அக்கதையின் உட்பொருள். இதற்கு உடலியல் ஆதாரமும் ஓரளவு உண்டு. இனிப்பின்மீதான நாட்டம் குழந்தைப் பருவத்தில் மிகுந்தும் வளர்ந்தபின் குறைந்தும் காணப்படுவது சுவை ஆய்வுகள் பலவற்றில் உறுதிப்பட்டுள்ளது.

ஆயினும் அந்த முதியவரின் வரிசையைத் தமிழக மதுச் சட்டங்களின் கால அட்டவணையோடு பொருத்திப் பார்த்தால் வேறொரு கதை புலப்படுகிறது. கள் கிடைத்தபோது கள், சாராயம் கிடைத்தபோது சாராயம், இரண்டும் மூடப்பட்டபின் பிராந்தி என்பதாகவே அது அமைகிறது. கார்ல் மான்ஹைம் 1928-இல் எழுதிய தலைமுறைகள் பற்றிய கட்டுரையும், நார்மன் ரைடர் 1965-இல் வெளியிட்ட ஆய்வும் வற்புறுத்திய வேறுபாடு இங்கு உதவும். ஒருவர் முதிர்வதால் விளைவது ஒன்று. குறிப்பிட்ட காலத்தில் எல்லா வயதினருக்கும் நேர்வது மற்றொன்று. ஒரே காலத்தில் பிறந்தோர் ஒரே பருவத்தில் ஒரே சூழலைச் சந்திப்பதால் அவர்களிடம் மட்டும் படிவது மூன்றாவது. இவற்றைப் பிரித்தறியாமல் குடிப்பழக்க வரலாறு எழுதுவது இயலாது. சான்றுகளோ இதற்கு எளிதில் இடந்தருவன அல்ல. ஆப்காரித் துறை நிருவாக அறிக்கைகள் கடைகளையும் விற்ற அளவையும் வந்த வருவாயையும் எண்ணின. குடித்தவரின் வயது அத்துறையின் கவலை அன்று. எனவே சட்டங்களின் கால வரிசையிலிருந்து தலைமுறைகளைக் கணக்கிட்டு அறியும் முறை இங்குக் கையாளப்படுகிறது.

வயது குறிக்காத இலக்கியம்

சங்கப் பாடல்களில் கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி எனப் பல பெயர்கள் பயில்கின்றன. வீட்டிலேயே சமைக்கப்பட்ட நெற்கள்ளைப் பெரும்பாணாற்றுப்படை குறிக்கிறது. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூற்றின் 56-ஆம் பாடல் குறிக்கிறது. வெட்சித் திணையில் உண்டாட்டு ஒரு துறையாகவே வகுக்கப்பட்டுள்ளது. இவ்வளவு விரிந்த பதிவில் குடிப்பவரின் வயது பொருட்படுத்தப்படவில்லை என்பது கவனத்திற்குரியது. அதியமானை இழந்த ஔவையார் புறநானூறு 235-ஆம் பாடலில் கள்ளை நினைவுகூரும்போது அளவையும் பகிர்வையுமே பேசுகிறார். அங்கு வயது மதுவுக்கே உரியது. பலநாள் முதிர்ந்த தேறலின் கடுமைக்கு உவமை தேடிய புலவர்கள், முதிர்ந்தவன் எதைக் குடித்தான் என்று சொல்லவில்லை.

திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில்தான் குடிப்பவன் ஒரு மகனாகத் தாயின் முன் நிறுத்தப்படுகிறான் (குறள் 923). இங்கும் வயது வரம்பு இல்லை. உறவின்வழியே இளமை உணர்த்தப்படுகிறது. இன்று கள்ளை ஆதரிப்போர் சங்க இலக்கியத்தையும் எதிர்ப்போர் திருக்குறளையும் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. இரு தரப்பினரும் தாம் கேட்கும் வினாவை அந்நூல்கள் கேட்டனவா என்று பார்ப்பதில்லை.

ஒரு பாளை, இரு பானங்கள்

பனையின் பாளையிலிருந்து வடியும் சாறு இனிப்பானது; பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேலான சர்க்கரை கொண்டது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பட்டிருந்தால் நொதித்தல் தடைப்பட்டு அது பதநீராகிறது. சுண்ணாம்பு இல்லையெனில் காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிகள் சில மணி நேரத்திலேயே அதனைக் கள்ளாக்குகின்றன. பொழுது ஏறுந்தோறும் இனிப்புக் குறைந்து புளிப்பும் போதையும் கூடும். நன்கு நொதித்த கள்ளிலும் சாராயச் சத்து ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டளவே.

தென்மாவட்டப் பனைக்காடுகளில் பதநீர் குழந்தைகளும் பெண்களும் உட்பட வீட்டார் அனைவருக்கும் உரியதாகவும், கள் பெரிதும் வயதுவந்த ஆண்களுக்கு உரியதாகவும் இருந்தது. இனிப்பு விட்டுப் புளிப்புக்கு நகர்வது ஒரு சிறுவன் ஆளாவதன் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் இந்நகர்வு ஒரே மரத்தின் ஒரே சாற்றுக்குள் நிகழ்ந்தது. காலையில் இறக்கியதைச் சிறுவனும் மாலையில் புளித்ததைத் தந்தையும் குடித்தபோது இருவருக்குமிடையே இருந்த தூரம் சில மணி நேரமே. சுவை வயதோடு படிப்படியாக மாறியது என்று சொல்லத்தக்க ஒரே சூழல் இதுவே எனலாம். மரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: நட்ட பனை பாளைவிடப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். தந்தை நட்டதை மகன் ஏறுவான்.

மதுவிலக்கு இத்தொடர்ச்சியை அறுத்தது. சட்டம் பதநீருக்கு உரிமம் வழங்கியது, கள்ளைக் குற்றமாக்கியது. சுண்ணாம்பு தடவாத கலயம் வழக்குக்குரிய பொருளாயிற்று.

சேலம், 1937

மதுவிலக்கு இயக்கத்தின் வேர்கள் சேலம், ஈரோடு வட்டாரத்தில் ஆழமானவை. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. நாகம்மையாரும் கண்ணம்மாளும் அதில் முன்னின்றனர். பெரியார் தம் தோப்பின் தென்னைமரங்களை வெட்டிச் சாய்த்தார். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ இதழை நடத்தினார். கல்கி அதன் பணியில் துணைநின்றார். 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரான இராஜாஜி அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் உள்ளடக்கியது. மது வருவாய் மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இருந்த காலம் அது. அவ்விழப்பை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரி கொணரப்பட்டது.

கள்ளுக்கு மாற்றாகத் தேநீர், மோர், விளையாட்டு, பஜனை முதலியவை ஊக்குவிக்கப்பட்டன. பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் சேலம் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்தார். அவ்வாய்வு குடும்பச் செலவை அலகாகக் கொண்டது. மாற்றுகளின் பட்டியலோ மறைமுகமாக ஒரு வயதுப் பிரிவைக் காட்டுகிறது: விளையாட்டு இளைஞருக்கு, பஜனை முதியோருக்கு. நாற்பது ஆண்டு கள் குடித்த ஒருவருக்குத் தேநீர் எவ்வளவு மாற்றாகும் என்பது அன்றே கேட்டிருக்க வேண்டிய வினா. போர்க்காலத்தில், 1943-இல், ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. ஆறாண்டுகள் கடையில்லாமல் இருந்த சேலத்து முதியவர் தம் பழைய சுவைக்குத் திரும்பினார். அந்த ஆறாண்டுகளில் ஆளானவருக்குத் திரும்புவதற்கென்று ஒரு சுவை இல்லை. அவர் புதிதாகத் தொடங்கினார். ஒரே கடையில் ஒரே நாளில் நின்ற இவ்விருவரின் செயலும் விற்பனைக் கணக்கில் ஒன்றாகவே பதிவாகியிருக்கும்.

நாற்பதில் தொடங்கிய குடி

1948 அக்டோபர் 2-ஆம் நாள் முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்குக்கு உட்பட்டது. 1971 ஆகஸ்ட் இறுதிவரை, ஏறத்தாழ 23 ஆண்டுகள் அது நீடித்தது. இருபத்தொரு வயதை ஆளாகும் வயதாகக் கொண்டால், 1927-க்கும் 1950-க்கும் இடையே பிறந்த தமிழகத்து ஆடவர் அனைவரும் கடையில்லாக் காலத்தில் ஆளானவர்கள். இத்தலைமுறை குடியையே அறியவில்லை என்று சொல்வது மிகை. வெல்லமும் வேலம்பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சிய கள்ளச்சாராயம் ஊர்ப்புறத்திலும், இஞ்சி டிங்சர், வார்னிஷ் போன்றவை நகர்ப்புறத்திலும் புழங்கின. படைவீரர் ஒதுக்கீட்டு ரம் சில வீடுகளை எட்டியது. ஆனால் இவையனைத்தும் மறைவில், விரைவில், ஒரே மூச்சில் குடிக்கப்பட்டவை. தோப்பில் அமர்ந்து மொந்தையில் பொழுதுபோக்காகக் குடித்த முறை அற்றுப்போனது. காவலருக்கு அஞ்சி நின்றபடி குடித்து முடிக்கும் பழக்கம் இக்காலத்தின் படிவு எனக் கருத இடமுண்டு. பிற்காலத்தில் அச்சம் நீங்கிய பின்னும் மதுக்கடை வாசலில் அவ்விரைவு தொடர்ந்ததை வயதைக்கொண்டு விளக்க இயலாது.

1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்படுமுன், 92 வயதை எட்டியிருந்த இராஜாஜி முதலமைச்சர் மு. கருணாநிதியை நேரில் கண்டு அதனைக் கைவிடுமாறு வேண்டினார். மதுவின் வாடையறியாத ஒரு தலைமுறை உருவாகியுள்ளது, அதனைக் கெடுக்கலாகாது என்பது மதுவிலக்கு ஆதரவாளர்களின் மைய வாதம். அண்டை மாநிலங்கள் குடியை அனுமதிக்கும்போது தமிழகம் மட்டும் தாக்குப்பிடிக்க இயலாது என்பது அரசின் வாதம். ஒரு தரப்பு தலைமுறையைக் கணக்கிட்டது. மறுதரப்பு வருவாயையும் எல்லையையும் கணக்கிட்டது.

கடைகள் திறந்தபோது அத்தலைமுறையினரின் வயது 21 முதல் 44 வரை. அவர்களுள் மூத்தோர் சட்டப்படியான முதல் குடியை நாற்பதைக் கடந்தபின்பே அறிந்தனர். இளமையில் மிகுந்து நடுவயதில் தணியும் என்று பொதுவாகக் கொள்ளப்படும் குடிவாழ்வின் வளைவு இவர்களிடம் தலைகீழாயிற்று. நடுவயதில் தொடங்கிய இவர்களது குடியை வயதின் விளைவு எனப் படிப்பது பெரும்பிழையாகும். அவ்வாய்ப்பும் நீடிக்கவில்லை. 1973-இல் கள்ளுக்கடைகளும் 1974-இல் சாராயக்கடைகளும் மீண்டும் மூடப்பட்டன.

வயதுக்கேற்ற அளவு

வயதைச் சட்டமே நேரடியாகப் பேசிய எடுத்துக்காட்டு தமிழகத்துக்கு வெளியே உள்ளது. 1949-ஆம் ஆண்டு பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின்வழி வந்த விதிகள் நாற்பது வயது கடந்தோருக்கு உடல்நலம் கருதிக் குடி உரிமம் வழங்கின. அம்மரபைத் தொடர்ந்த குஜராத்தில் அளவும் வயதோடு ஏறியது: நாற்பது முதல் ஐம்பது வரை மாதம் மூன்று அலகு, அறுபத்தைந்து வரை நான்கு, அதற்குமேல் ஐந்து. முதுமையில் உடலின் நீர்ப்பங்கு குறைவதால் அதே அளவு மது குருதியில் மிகுதியாகச் செறியும் என்பது மருத்துவ உண்மை. சட்டமோ நேர்மாறாக, முதிர்ந்த உடலுக்கு மது மருந்து என்னும் பழைய நம்பிக்கையைப் படிக்கட்டாக அமைத்தது. தமிழகத்திலும் மருத்துவக் காரணம் காட்டி உரிமம் பெறும் முறை இருந்தது. உரிமம் பெற்றவர் மருத்துவரை அணுகும் வசதி உடையவர். பனங்காட்டு முதியவர்க்கு அவ்வழி திறக்கவில்லை.

ஐந்திலிருந்து நாற்பத்திரண்டு

1981-இல் கள்ளும் சாராயமும் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் மொத்த விற்பனைக்கென நிறுவப்பட்டது. 1987 சனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. 1990-இல் மலிவுவிலைச் சாராயம் திரும்பி, 1991-இல் மறைந்தது. கள் திரும்பவில்லை. 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையும் கழகத்திடம் வந்தது. பிராந்தி, ரம், விஸ்கி, பீர் ஆகியவையே அங்குப் பெரும்பாலும் கிடைப்பவை. முதல் மூன்றிலும் சாராயச் சத்து 42.8 விழுக்காடு. கள்ளைப்போல எட்டு மடங்குக்கும் மேற்பட்ட இச்செறிவு, அதே அங்காடிக்கு வந்த இருபத்தொரு வயதினருக்கும் எழுபது வயதினருக்கும் ஒரே அளவில், பெரும்பாலும் குவார்ட்டர் எனப்படும் 180 மில்லிலிட்டர் புட்டியில் கிடைத்தது. இங்கு வயது, வாசலில் வாங்குவோரை நிறுத்தும் வரம்பாக மட்டும் எஞ்சியது. அவ்வரம்பும் உடலியலில் ஊன்றியதன்று என்பதற்கு, கேரளம் 2017-இல் இருபத்தொன்றை இருபத்துமூன்றாக உயர்த்தியது சான்று.

கள்ளுக்கடைகளைத் திறக்கக் கோரும் உழவர்களின் குரல் அண்மைக் காலத்தில் வலுத்துள்ளது. கள் உணவே, மதுவன்று என்பது அவர்களின் வாதம். தமிழகத்தில் உரிமம்பெற்ற கடையில் கள்ளைக் குடித்தறிய வாய்ப்புப் பெற்ற கடைசித் தலைமுறை, 1986 இறுதிக்குள் இருபத்தொன்றை எட்டியவர்கள். அதாவது 1965-க்கு முன்போ அவ்வாண்டிலோ பிறந்தவர்கள். கோரிக்கைக் கூட்டங்களில் நிற்கும் இளைஞர்கள் இழந்துவிட்டதாகச் சொல்லும் சுவை, அவர்களுடைய நாக்கு சட்டப்படி அறியாத சுவை. அது தந்தையர் சொல்லக் கேட்டது. எதிர்த்தரப்பினர் அஞ்சும் குடிகாரரும் பெரும்பாலும் கள்ளால் உருவானவர் அல்லர். கடை திறந்தால் 42.8 விழுக்காட்டில் பழகிய நாற்பது வயதினர் ஐந்து விழுக்காட்டுப் புளிப்புக்கு இறங்குவாரா என்பது இவ்வழக்கின் நடைமுறை வினா. சேலத்து முதியவருக்குத் தேநீரை நீட்டியபோது எழுந்திருக்க வேண்டிய அதே வினா, இப்போது எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அதற்கிடையே பனையேறத் தெரிந்தவர்களும் முதிர்ந்துவிட்டனர். அவர்களுள் பலருடைய பிள்ளைகள் மரத்தில் கால்வைத்ததில்லை.