டீசல் எஞ்சின்: மூன்றரை வருஷ டீபக்கிங்

1893 ஆகஸ்ட் 10. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையில் (இன்றைய எம்.ஏ.என். நிறுவனத்தின் முன்னோடி) ருடால்ஃப் டீசலின் முதல் சோதனை எஞ்சின். 150 மி.மீ. விட்டம், 400 மி.மீ. ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர். தானாக ஓடாது, தொழிற்சாலையின் பெல்ட்டைப் போட்டுச் சுழற்றினார்கள். பெட்ரோலை உள்ளே செலுத்தியதும் வெடித்தது. அழுத்தத்தைக் காகிதத்தில் வரையும் இண்டிகேட்டர் கருவி சுமார் 80 வளிமண்டல அழுத்தத்தில் சிதறிப்போனது.

எந்த டெவலப்பரும் இதைத் தோல்வி என்றுதான் எழுதி வைப்பார். ஆனால் அன்றைக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது: தீப்பொறியே இல்லாமல், அழுத்திய காற்றின் சூடு மட்டுமே எரிபொருளைப் பற்றவைக்கும்.

மிச்சமெல்லாம் பிரச்சினைதான். பிஸ்டன் வளையங்களிலும் வால்வுகளிலும் கசிவு. எதிர்பார்த்த அழுத்தம் ஏறவில்லை. திரவ எரிபொருளை பம்பால் நேராக அடித்தால் சரியாகச் சிதறவில்லை. அதனால் அழுத்தப்பட்ட காற்றோடு சேர்த்து ஊதும் முறைக்கு மாறினார். வெப்பத்தை வீணாக்கக் கூடாது என்று முதலில் தண்ணீர்க் குளிர்விப்பே வைக்கவில்லை. பிறகு அதையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் இம்ப்ளிமென்டேஷன் தவறுகள். பெரிய பிழை டிசைனிலேயே இருந்தது. எரியும்போது வெப்பநிலை ஏறவே கூடாது என்பதுதான் அவருடைய காப்புரிமையின் அடிப்படை. கணக்குப்படி செயல்திறன் பிரமாதம். ஆனால் அப்படி ஓடினால் கிடைக்கும் வேலை ரொம்பக் கொஞ்சம்; அதையும் உராய்வே தின்றுவிடும். டீசலுக்கு இது 1893லேயே புரிந்துவிட்டது. வெப்பநிலைக்குப் பதிலாக அழுத்தத்தை ஏறக்குறைய நிலையாக வைப்பது என்று மாறி, நவம்பரில் இன்னொரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பழைய கோட்பாட்டைக் கைவிட்டதை ஊரறியச் சொல்லவில்லை. ஆக்ஸ்பர்க்கும் குருப் நிறுவனமும் பணம் போட்டிருந்தது அந்தக் கோட்பாட்டை நம்பித்தான் இல்லையா!

1894 பிப்ரவரி 17 அன்று, சோதனை நடக்கும்போது பெல்ட் எஞ்சினை இழுப்பதற்குப் பதில் எஞ்சின் பெல்ட்டை இழுப்பதை மெக்கானிக் கவனித்தார். நிமிஷத்துக்கு 88 சுற்று. ஓடியது சுமார் ஒரே நிமிஷம்!

சரியாக மூன்று வருஷம் கழித்து, 1897 பிப்ரவரி 17 அன்று மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் மூன்றாவது எஞ்சினைச் சோதித்தார். 250 மி.மீ. விட்டம், 154 சுற்று, சுமார் 18 குதிரைத்திறன், செயல்திறன் 26.2 சதவீதம். அன்றைய சாதாரண நீராவி எஞ்சின்கள் பத்து சதவீதத்தைத் தாண்டவே திணறிக்கொண்டிருந்தன.

ஆனால் மறைத்த பிழை பின்னால் வந்து நின்றது. ஓடும் எஞ்சின் டீசலின் மூலக் காப்புரிமையில் சொன்னதே இல்லை என்று ஆக்கன் பேராசிரியர் யோஹன்னஸ் லூடர்ஸ் 1913ல் ஒரு புத்தகமே எழுதினார். அதே வருஷம் டீசல் தன் சோதனைப் பதிவுகளை, சொதப்பிய இண்டிகேட்டர் வரைபடங்கள் உட்பட, புத்தகமாக வெளியிட்டார். செப்டம்பர் 29 இரவு ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஹார்விச் போன கப்பலில் காணாமல்போனார். பிறகு கடலில் உடல் கிடைத்தது.

லூடர்ஸ் சொன்னதில் பாதி சரி. காப்புரிமையில் இருந்த எஞ்சின் ஓடியிருக்காது. ஆனால் ஓடிய எஞ்சின் எங்கிருந்து வந்தது? அந்த மூன்றரை வருஷ சோதனைக் குறிப்பேடுகளிலிருந்துதான். என்னைக் கேட்டால், டீசலின் கண்டுபிடிப்பு அங்கேதான் இருக்கிறது. அதை 1893லேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், இருபது வருஷம் கழித்து வாதாட வேண்டி வந்திருக்காது.