நந்தனுக்கு ஏன் கோபம் வரல?

தமிழ்ச் சினிமா எங்களுக்கு முதலில் ஒதுக்கிய உணர்ச்சி அழுகை. 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு நந்தனாக வந்தார் கே.பி. சுந்தராம்பாள். 1942இல் ஜெமினியின் ‘நந்தனா’ரில் தண்டபாணி தேசிகர். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் என்ற ஆண்டையைக் கதைக்குள் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். சினிமாவும் அந்த ஆண்டையை விடவில்லை. சிதம்பரம் போக அவரிடம் கெஞ்சுறது பக்தியாச்சு. நெருப்புல எறங்குறது நம்பிக்கையாச்சு. நந்தனுக்குக் கோபம் வந்திருந்தால் அவர்களுக்குக் கதையே கிடையாது.

2018இல் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’. பரியனும் அழுகிறான். ஆனா கெஞ்சல. கடைசியில் ஜோவின் அப்பாவிடம் நேருக்கு நேர் பேசுகிறான், மாற வேண்டியது நீங்கதான்னு. நெருப்புக்குள்ள போன நந்தன் திரும்பி வந்து பேசினதாத்தான் எனக்குப் பட்டது.