கண் அறுவையும் வலி நீக்கமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

கண்புரையைப் பிரெஞ்சு மொழியில் 'கத்தராக்த்' என்பர். புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1823ஆம் ஆண்டு நிறுவிய மருத்துவப் பள்ளியும் பிரெஞ்சு மருத்துவத்தின் வழிவந்ததே. இச்சொல்லின் மூலமான லத்தீன் சொல்லுக்கு அருவி என்பது பொருள். கண்ணில் தோன்றும் நோய்க்கு அருவியின் பெயர் எங்ஙனம் வந்தது? அரபு மருத்துவர்கள் இந்நோயை 'நுஸூலுல் மாஃ', அதாவது நீர் இறங்குதல் என்று வழங்கினர். தலையிலிருந்து நீர் இறங்கிக் கண்மணிக்குப் பின்னே உறைந்துவிடுகிறது என்பது கிரேக்கரிடமிருந்து அவர்கள் பெற்ற கருத்து. 11ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவ நூல்கள் லத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, இறங்கும் நீர் அருவியாயிற்று. இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் அச்சொல்லையே ஆள்கின்றனர்.

மருத்துவ வரலாற்றில் அரபு மருத்துவர்களின் சுவடு இவ்வாறு ஆழமாகப் பதிந்திருப்பதால், 'மயக்க மருந்தைக் கண்டவர்களும் முஸ்லிம் மருத்துவர்களே' என்னும் கூற்று நம் மேடைகளில் அவ்வப்போது ஒலிக்கிறது. முன்னோர் மீதுள்ள அன்பால் எழும் கூற்று இது. ஆயினும் அன்பு சான்றுக்கு ஈடாகாது. அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்தே ஒரு செய்தியை ஏற்கும் மரபுடைய நாம், மருத்துவ வரலாற்றில் மட்டும் அக்கண்டிப்பைத் தளர்த்துவது முறையன்று. கண்ணை அறுக்கும் கலை வளர்ந்தது எப்போது, அக்கண்ணின் வலியை வென்றது எப்போது என்று தனித்தனியே காண்போம்.

கஹ்ஹால்களின் பணி

'குஹ்ல்' என்பது கண்ணுக்கு இடும் சுர்மா. அதனடியாகப் பிறந்த 'கஹ்ஹால்' என்னும் சொல் கண் மருத்துவரைக் குறித்தது. கண் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்திருந்ததை இப்பெயரே காட்டும். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா, 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' என்னும் நூலில் ஏறத்தாழ 130 கண் நோய்களை விளக்கினார். அவர் காலத்தவரான அம்மார் இப்னு அலீ அல்-மவ்ஸிலீ, மூஸில் நகரிற் பிறந்து பல நாடுகளில் மருத்துவம் புரிந்து, ஃபாத்திமீ கலீஃபா அல்-ஹாகிமின் ஆட்சியில் (996–1021) கெய்ரோவில் தங்கினார். 'அல்-முன்தகப்' என்பது அவரது நூல்.

புரை மூடிய கண்வில்லையை ஊசியால் பார்வைப் பாதையிலிருந்து கீழே தள்ளுவதே அன்றைய வழக்கம். சுசுருத சம்ஹிதையும் இம்முறையைக் கூறுகிறது. அரபியில் இது 'கத்ஹ்' எனப்பட்டது. தள்ளப்பட்ட வில்லை கண்ணுக்குள்ளேயே கிடக்கும். சிலருக்கு மீண்டும் மேலே எழுந்து பார்வையை மறைக்கும். அம்மார் உலோகத்தில் உட்டுளையுள்ள ஊசி ஒன்றைச் செய்வித்து, வெண்விழி வழியே செலுத்தி, மென்மையான புரையை உறிஞ்சி வெளியேற்றினார். தாம் செய்த ஆறு புரை அறுவைகளை நோயாளியின் நிலையோடு பதிவு செய்தும் வைத்தார். குழாய் கொண்டு உறிஞ்சும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்ததை அர்-ராஸீயின் 'அல்-ஹாவீ' குறிக்கிறது. எனவே எண்ணம் பழையது. அதற்குரிய உலோகக் கருவியை அமைத்து, தம் கைப்பட்ட அனுபவத்தை எழுதி வைத்ததே அம்மாரின் சிறப்பு. முதிர்ந்து இறுகிய புரையை ஊசித் துளையால் உறிஞ்ச இயலாது என்பதால் இம்முறை எல்லோர்க்கும் பயன்படவில்லை.

வலி என்னும் தடை

அக்காலத்தில் நோயாளி வலியை எவ்வாறு தாங்கினார்? ஸ்பெயினின் அஸ்-ஸஹ்ராவீ தரும் குறிப்பு தெளிவானது: நோயாளியைச் சூரிய ஒளிக்கு எதிரே சம்மணமிட்டு அமர்த்தி, நல்ல கண்ணைக் கட்டிவிட்டு ஊசியைச் செலுத்த வேண்டும். விழித்திருக்கும் மனிதனின் பொறுமையே அன்றைய அறுவையின் அடித்தளம்.

மரக்கச் செய்யும் பொருள்களை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அபின், குரோசானி ஓமம், மாந்திரேக் வேர் முதலியவற்றை 'முஃகத்திராத்' என வகைப்படுத்தினர். இப்னு ஸீனா தமது 'கானூ'னில் இவற்றோடு மிகக் குளிர்ந்த நீரையும் சேர்த்தார். ஆனால் அறுவைக்கு முன் மாந்திரேக் ஊறிய மதுவைத் தரலாம் என்பதை முதல் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் எழுதியிருந்தார். அளவு குறைந்தால் வலி தீராது. மிகுந்தால் மூச்சு நின்றுவிடும். உடலை உறங்க வைக்காமல் கண்ணை மட்டும் மரக்கச் செய்யும் மருந்து பக்தாதிலும் இல்லை, ஏதென்ஸிலும் இல்லை, காசியிலும் இல்லை.

இந்நிலை மேலும் பல நூற்றாண்டுகள் நீடித்தது. துய்ப்ளே புதுச்சேரியை ஆண்ட காலத்தில், 1747இல், பிரெஞ்சு மருத்துவர் ழாக் தவியேல் கருவிழியின் ஓரத்தை அறுத்து, புரையை முழுதாக வெளியே எடுத்தார். இன்றைய புரை அறுவையின் தொடக்கம் அதுவே. ஆனால் அதுவும் உணர்வுள்ள கண்ணிலேயே நடந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) கண் நோயாளிகளின் விவரங்களை வண்ணப் படங்களோடு பதிவு செய்வித்தார். அவ்வேடுகளுக்குரிய நோயாளிகளும் வலி நீக்கும் மருந்து தோன்றாத காலத்தவரே.

1846இல் ஈத்தர் மயக்கம் அறிமுகமானபோது பிற அறுவைகள் புத்துயிர் பெற்றன. கண் அறுவைக்கோ அது முழுப் பயன் தரவில்லை. ஈத்தரின் மயக்கம் தெளிகையில் நோயாளி குமட்டி வாந்தி எடுப்பார். நுண்ணிய தையல் இல்லாத அந்நாளில் அந்த அதிர்வில் கண்ணின் காயம் திறந்துகொள்ளும். மேலும், 'இப்பக்கம் பார், அப்பக்கம் பார்' என்று மருத்துவர் சொல்வதைக் கேட்கும் நோயாளியும் வேண்டியிருந்தது.

கோலரின் சொட்டு மருந்து

இச்சிக்கலைத் தீர்த்தவர் வியன்னாவின் இளம் மருத்துவர் கார்ல் கோலர். கோகா இலையிலிருந்து பிரிக்கப்பட்ட கொக்கைன் நாவை மரக்கச் செய்வதைப் பலர் கண்டிருந்தனர். அது கண்ணையும் மரக்கச் செய்யுமே என்று எண்ணியவர் அவர். 1884இல் தவளையின் கண்ணிலும் முயலின் கண்ணிலும் சோதித்தபின், தம் கண்ணிலேயே அதை விட்டு, ஊசியின் தலைப்பகுதியால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். உணர்வு இல்லை. செப்டம்பர் 15 அன்று ஹைடல்பர்க் மாநாட்டில் இது வெளியிடப்பட்டது. பயணச் செலவுக்குப் பணமின்மையால் கோலர் செல்லவில்லை. அவர் கட்டுரையை வேறொருவர் வாசித்தார்.

ஆயினும் சொட்டு மருந்து மேற்பரப்பையே மரக்கச் செய்யும். விழியின் அசைவை நிறுத்தாது. கொக்கைன் நச்சுத்தன்மையும் அடிமைப்படுத்தும் இயல்பும் உடையது. ஆகவே 1905இல் புரோக்கைனும், 1943இல் உருவாக்கப்பட்ட லிக்னோக்கைன் பின்னரும் அதன் இடத்தைப் பெற்றன.

ஊசியின் பாதை

உட்டுளை ஊசி இவ்வரலாற்றில் மீண்டும் வருகிறது, இம்முறை உறிஞ்சுவதற்காக அன்றி மருந்தைச் செலுத்துவதற்காக. 1853இல் லியோன் நகரின் பிராவாஸும் எடின்பரோவின் அலெக்சாண்டர் வுட்டும் ஊசிக் குழலைப் பயன்படுத்தினர். 1884இலேயே ஹெர்மன் நாப் விழிக்குப் பின்னே கொக்கைனைச் செலுத்தினார். 1936இல் வால்டர் அட்கின்சன் விளக்கிய முறை பல்லாண்டுகள் நிலைபெற்றது. இது 'ரெட்ரோபல்பார்' எனப்படும்.

கண்குழியின் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். அதற்குள் 24 மில்லிமீட்டர் நீளமுள்ள விழியும், அதனை அசைக்கும் தசைகளும், பார்வை நரம்பும், இரத்தக் குழாய்களும் அடங்கியுள்ளன. தசைகளின் கூம்பு வடிவ இடைவெளிக்குள் மருந்தைச் செலுத்தினால் விழி உணர்வும் அசைவும் இழக்கும். ஆனால் ஊசி தவறினால் விழி துளைபடலாம், இரத்தம் கட்டலாம், மருந்து மூளைத் தண்டை எட்டி மூச்சைப் பாதிக்கலாம். நோயாளி மேலும் உள்ளுமாகப் பார்க்கவேண்டும் என்று அட்கின்சன் கூறியிருந்தார். அப்பார்வை பார்வை நரம்பை ஊசியின் பாதைக்கே கொண்டுவருகிறது என்பதை 1981இல் சி.டி. படங்கள் காட்டின, அதன்பின் நேராகப் பார்க்கச் சொல்வது வழக்கமாயிற்று.

1986இல் தசைக் கூம்புக்கு வெளியே மருந்தைப் பரவவிடும் 'பெரிபல்பார்' முறை விளக்கப்பட்டது. 1992இல் ஸ்டீவன்ஸ் விளக்கிய முறையில் கூர்முனை ஊசியே தேவையில்லை. விழியின் மேலுறையில் சிறு திறப்பு செய்து, வளைந்த மழுங்குமுனைக் குழாயால் மருந்து செலுத்தப்படுகிறது. மிகச் சிறு வெட்டில் முடியும் இன்றைய புரை அறுவைகள் பலவற்றுக்குச் சொட்டு மருந்தே போதுமானதாகிவிட்டது. கோலர் தொடங்கிய இடத்துக்கே மருத்துவம் ஒருவகையில் திரும்பியிருக்கிறது.

புதுச்சேரியில் இன்று

1823இன் பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றல் 1964இல் ஜிப்மர் ஆயிற்று. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை, 2003 முதல் கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தில் இயங்குகிறது. ஒரே நாளில் பலருக்குப் புரை அறுவை செய்ய இத்தகைய மருத்துவமனைகளுக்கு இயல்வதற்கு, கண்ணை மட்டும் மரக்கச் செய்யும் இம்முறை ஒரு முக்கியக் காரணம். முழு மயக்கம் வேண்டியிருப்பின் ஏழை முதியவர்களுக்கு இச்சிகிச்சை இவ்வளவு எளிதில் எட்டியிராது.

ஆகவே, வலி நீக்கத்தின் பெருமையைக் கோலருக்கு உரியதாகவே விட்டுவிடுவோம். அம்மாரின் கருவியும் அலீ இப்னு ஈஸாவின் நூலும் இரவல் புகழ் வேண்டி நிற்பவை அல்ல. வலியை நீக்க வழியில்லாத காலத்திலும் பார்வையை மீட்க முயன்று, கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தவர்கள் அவர்கள்.

'கண்ணில் ஊசி' என்று கேட்டதும் அஞ்சி அறுவையை ஒத்திப்போடும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களுக்கு இவ்வரலாற்றை எடுத்துச் சொல்லலாம். முறைகள் பல உள்ளன. எது தமக்கு ஏற்றது என்று மருத்துவரிடம் கேட்கலாம். நோயாளி விழித்தே இருப்பார். அவர் உள்ளத்தில் திக்ரு ஓடுவதற்கும் தடையில்லை. இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை, ஓயாத இருமல், நேராகப் படுக்க இயலாமை ஆகியவற்றை முன்கூட்டியே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அஸ்-ஸஹ்ராவீயின் நோயாளி பொறுமையால் மட்டுமே அறுவைக்கு உதவ முடிந்தது. இன்றைய நோயாளி உண்மையைச் சொல்லியும் உதவலாம்.