டிரங்கிங் வானொலியைச் செவிமடுத்தல்

டிரங்கிங் வானொலியைச் செவிமடுத்தல்: காவல், தீயணைப்பு, பேருந்து, மின்வாரியம் போன்ற பல துறைகள் கூட்டாகப் பயன்படுத்தும் சேனல் தொகுப்பில், சேனல் விட்டுச் சேனல் தாவும் ஓர் உரையாடலைத் தொடர்ந்து சென்று கேட்கும் பொழுதுபோக்கு. 1990களின் பிற்பாதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேர்கொண்டது. 2012இல் மலிவான மென்பொருள் வானொலி ஏற்பிகள் வந்தபின் பரவலானது. தொடங்குவதற்கு இன்று ஒரு கணினியும், கட்டைவிரல் அளவுள்ள யு.எஸ்.பி. ஏற்பியும், சிறிய ஆன்டெனாவும் போதும்.

பெயரும் இயங்குமுறையும்

'டிரங்க்' தொலைபேசித் துறைச் சொல். வெளியூருக்கு 'டிரங்க் கால்' பதிவுசெய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்குப் பழகியது. இரண்டு தொலைபேசி நிலையங்களுக்கு இடையே உள்ள சில இணைப்புகளை ஏராளமான சந்தாதாரர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவர். எத்தனை இணைப்பு இருந்தால் போதும் என்ற கணக்குக்கு அடித்தளமிட்டவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங், அவருடைய முதன்மையான கட்டுரைகள் 1909இலும் 1917இலும் வெளிவந்தன. டிரங்கிங் வானொலியும் அதே கணக்கின்மீதே நிற்கிறது. முன்பதிவு மையத்தில் கவுண்டருக்கொரு வரிசை நிற்காமல், எல்லோரும் ஒரே வரிசையில் நின்று காலியான கவுண்டருக்குப் போவதோடு இதை ஒப்பிடலாம்.

கையடக்கக் கருவியின் பொத்தானை அழுத்தியதும் அது கட்டுப்பாட்டுச் சேனலில் ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது. மையக் கணினி காலியான சேனல் ஒன்றை ஒதுக்கி, 'இன்ன பேச்சுக் குழு, இன்ன சேனல்' என்று அறிவிக்கிறது. அந்தக் குழுவின் கருவிகள் எல்லாம் அங்கே தாவுகின்றன. பேச்சு முடிந்ததும் சேனல் பொதுத் தொகுப்புக்குத் திரும்பிவிடும். பதில் வேறொரு சேனலில் வரலாம். ஆகையால் சேனல்களை வரிசையாகத் துழாவும் சாதாரண ஏற்பியான ஸ்கேனரில் கேள்வி ஓரிடத்திலும் பதில் வேறிடத்திலும் கிடக்கும். அவற்றைக் கோக்கும் நூல் கட்டுப்பாட்டுச் சேனல். செவிமடுப்பின் வரலாறு, அந்தச் சேனலைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களின் வரலாறுதான்.

தோற்றம்

டெட்ராய்ட் காவல்துறை 1928இல் ரோந்துக் கார்களுக்கு ஒருவழி வானொலியை நிலைநாட்டியது. நியூ ஜெர்சியின் பயோன் நகரில் 1933இல் இருவழி வானொலி வந்தது. 1974இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையைத் திறந்துவிட்டதும் டிரங்கிங்குக்கு இடம் கிடைத்தது. மோட்டோரோலா, ஜெனரல் எலக்ட்ரிக், இ. எஃப். ஜான்சன் ஆகிய நிறுவனங்கள் ஒன்றோடொன்று பேசாத தனித்தனி முறைகளை உருவாக்கின. பிரிட்டனின் எம்.பி.டி. 1327 என்ற டிரங்கிங் தரம் 1988இல் வெளியானது.

தரவு வெட்டியின் காலம்

மோட்டோரோலா முறையின் கட்டுப்பாட்டுச் சேனல் நொடிக்கு 3600 பிட் வேகத்தில் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். ஓர் அறிவிப்புக்கு 84 பிட். ஆகவே நொடிக்கு ஏறத்தாழ 43 அறிவிப்புகள். காதுக்கு அது இடைவிடாத கரகரப்பு. பழைய ஸ்கேனர்களில் அந்தச் சேனலை இரைச்சல் என்று பூட்டி ஒதுக்கிவிடுவது வழக்கம். அந்தக் கரகரப்புக்குள்தான் முழு நகரத்தின் பேச்சு வரைபடமும் இருக்கிறது என்று உணர்ந்ததே இந்தப் பொழுதுபோக்கின் திருப்புமுனை.

'டிரங்கர்' என்ற டாஸ் நிரல் 1990களின் பிற்பாதியில் ஆர்வலர்களிடையே சுற்றியது. அதற்குச் சமிக்ஞை ஊட்டுவது எளிதல்ல. ஸ்கேனரின் ஒலிபெருக்கிக்கு வரும் ஒலி, மனிதக் குரலுக்கென வடிகட்டப்பட்டிருக்கும். தரவின் விளிம்புகள் அதில் மழுங்கிவிடும். ஆகவே பயனர்கள் ஸ்கேனரின் மூடியைக் கழற்றி, வடிகட்டிக்கு முன்னே உள்ள டிஸ்கிரிமினேட்டர் முனையில் ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்தார்கள். அந்தக் கம்பி 'தரவு வெட்டி' எனப்பட்ட சிறு சுற்றுக்குப் போகும். ஓர் ஆப்-ஆம்ப் சிப், சில டயோடு, சில மின்தேக்கி, அவ்வளவே. அலையும் மின்னழுத்தத்தை ஒன்று, சுழியம் என இரண்டாக வெட்டிக் கணினியின் சீரியல் போர்ட்டுக்குத் தருவது அதன் வேலை. பல வடிவமைப்புகளில் தனி மின்கலம்கூடக் கிடையாது. சீரியல் போர்ட்டின் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் இருக்கும் சொற்ப மின்சாரத்தையே எடுத்துக்கொண்டு சுற்று ஓடியது. ஒரு ஸ்கேனர் கட்டுப்பாட்டுச் சேனலில் நிற்கும். கணினியின் கட்டளைப்படி இரண்டாவது ஸ்கேனர் பேச்சுச் சேனல்களுக்குத் தாவும்.

எண்களை வாசிப்பதே ஒரு கலையாக இருந்தது. மோட்டோரோலா இரண்டாம் வகை முறையில் பேச்சுக் குழு எண்கள் 16, 32, 48 என்று பதினாறின் மடங்குகளில் வரும். இடையே உள்ள எண்கள் நிலையைச் சொல்லும்: குழு எண்ணோடு 2 கூடினால் அவசர அழைப்பு, 8 கூடினால் குறியாக்கம் செய்த பேச்சு. எந்த எண் எந்தத் துறை என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். இரவெல்லாம் கேட்டு, 'இது தீயணைப்பு, இது குப்பை வண்டி' என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தார்கள். நகரத்துக்கு நகரம் இன்று கிடைக்கும் பேச்சுக் குழுப் பட்டியல்களுக்கு அந்த நோட்டுப் புத்தகங்களே முன்னோடி.

யூனிடன் நிறுவனம் 1997இல் 'பேர்கேட் 235' ஸ்கேனரை வெளியிட்டது. டிரங்கிங்கைத் தானாகப் பின்தொடரும் முதல் வணிக ஸ்கேனராக அது கருதப்படுகிறது. டிரங்கர் நிரலும் அதுவும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. வீட்டு மேசையா தொழிற்சாலையா, எது முந்தியது என்று அறுதியிடுவது கடினம்.

எண்முறைக் குரல்

அமெரிக்கப் பொதுப் பாதுகாப்பு அமைப்புகளுக்கான 'புராஜெக்ட் 25' 1989இல் தொடங்கியது. சுருக்கமாக பி25. அதன் முதல் கட்டத்தில் 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் நொடிக்கு 9600 பிட் செல்லும். இரண்டாம் கட்டம் அதே அகலத்தில் இரண்டு உரையாடல்களை வைக்கிறது. ஐரோப்பாவின் டெட்ரா தரம் 25 கிலோஹெர்ட்ஸில் நான்கு உரையாடல்களைத் தாங்கும். பி25இல் குரலைச் சுருக்கும் முறைக்குக் காப்புரிமை இருந்தது. 2010ஐ ஒட்டி, பெயர் வெளியிடாத ஒருவர், அந்தக் குரலை மீட்டெடுக்கும் 'டி.எஸ்.டி.' என்ற நிரலையும் 'எம்பிஇலிப்' என்ற நூலகத்தையும் மூலநிரலாக வெளியிட்டார். காப்புரிமை பற்றிய எச்சரிக்கையும் அந்த நூலகத்துடனேயே இருந்தது.

மென்பொருள் வானொலி

வடிகட்டல், பண்பிறக்கம் (அலையிலிருந்து செய்தியைப் பிரித்தெடுத்தல்) ஆகிய வேலைகளைச் சுற்றுக்குப் பதிலாக நிரலே செய்யும் ஏற்பிக்கு 'மென்பொருள் வானொலி' என்ற பெயரை 1990களின் தொடக்கத்தில் பரப்பியவர் ஜோசப் மிட்டோலா. குனு ரேடியோ திட்டம் 2001இல் தொடங்கியது. அதன்மீது கட்டப்பட்ட 'ஓபி25' பி25 சமிக்ஞைகளைப் படித்தது. ஆனால் வன்பொருள் விலை பலருக்கு எட்டவில்லை.

விலைத் தடையை உடைத்தது ஒரு தொலைக்காட்சி டாங்கிள். ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யு சிப், எண்முறைத் தொலைக்காட்சிக்காகச் செய்யப்பட்டது. பண்பலை வானொலி கேட்பதற்கு அது பண்படுத்தாத மாதிரிகளை அப்படியே கணினிக்கு அனுப்புகிறது என்பது தெரியவந்தது. கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்பதில் கருத்து பிரிகிறது. 2010இலேயே யு.எஸ்.பி. போக்குவரத்தை ஆராய்ந்த எரிக் ஃபிரை, 2012 பிப்ரவரியில் செய்தியை வெளியிட்ட ஆன்ட்டி பலோசாரி, அதற்கான நிரலை எழுதிய ஆஸ்மோகாம் குழுவினர் ஆகிய மூன்று தரப்பையும் சேர்த்துச் சொல்வதே பெரும்பான்மை வழக்கு. இருபது டாலர் அளவிலான இந்த டாங்கிள், ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடிக்கும். கட்டுப்பாட்டுச் சேனலும் பேச்சுச் சேனல்களும் அந்த அகலத்துக்குள் அடங்கினால், எதையும் தாவிப் பிடிக்க வேண்டியதில்லை. எல்லா உரையாடல்களும் ஏற்கெனவே கணினிக்குள் இருக்கின்றன. பற்றவைத்த கம்பியும் தரவு வெட்டியும் சில வரி நிரலாகிவிட்டன.

தொடங்கும் முறை

முதலில், தம் பகுதியில் உள்ள முறை எது, குறியாக்கம் உண்டா, கட்டுப்பாட்டுச் சேனலின் அதிர்வெண் என்ன என்று அறியவேண்டும். அலைக்கற்றைத் திரையில் மற்றவை தோன்றி மறையும்போது, அணையாமல் நிற்கும் கோடு பெரும்பாலும் கட்டுப்பாட்டுச் சேனல்தான். மலிவான டாங்கிளின் படிகம் சற்று விலகியிருக்கும். அந்த விலகலைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கிட்டு நிரலில் திருத்துவது அடுத்த படி. வெப்பச் சமனுள்ள படிகம் கொண்ட டாங்கிளில் இந்தத் தொல்லை குறைவு. பிறகு எஸ்டிஆர்டிரங்க், ஓபி25, டிரங்க் ரெக்கார்டர், யூனிடிரங்கர் போன்ற நிரல்களில் ஒன்று கட்டுப்பாட்டுச் சேனலைப் படித்துப் பேச்சைத் தொடரும். முறையின் சேனல்கள் 2.4 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விரிந்திருந்தால் இரண்டு மூன்று டாங்கிள்களைப் பிரித்து நிறுத்துவர்.

புதியவர்களைத் தடுமாறவைப்பது சைமல்காஸ்ட். பல கோபுரங்கள் ஒரே சமிக்ஞையை ஒரே அதிர்வெண்ணில் ஒலிபரப்பும். அவை ஒன்றன்மேல் ஒன்று சற்றுத் தாமதித்து விழுவதால், சமிக்ஞை வலுவாக இருந்தும் குரல் உடையும். பெரிய ஆன்டெனா பல வேளை நிலைமையை மோசமாக்கும். ஒரே கோபுரத்தை நோக்கித் திருப்பிய திசை ஆன்டெனா உதவும். இத்தகைய சமிக்ஞைக்கு உரிய பண்பிறக்கத்தை நிரலில் தேர்ந்தெடுக்க முடிவதால், பல பழைய ஸ்கேனர்கள் தோற்ற இடத்தில் டாங்கிள் வென்றது.

சட்டம்

அமெரிக்காவில் குறியாக்கம் இல்லாத காவல், தீயணைப்புப் பேச்சைக் கேட்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிக்கிறது. கைப்பேசிப் பட்டையைப் பிடிக்கும் ஸ்கேனர்களை உற்பத்தி செய்வது 1994 ஏப்ரலுக்குப் பின் தடைசெய்யப்பட்டது. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டம், தமக்கு உரியதல்லாத செய்தியை வேண்டுமென்று கேட்பதையே குற்றமாக்குகிறது. இந்தியாவில் 1933ஆம் ஆண்டுச் சட்டம் உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதைத் தடுத்தது; அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது.

குறியாக்கமும் இன்றைய நிலையும்

பென்சில்வேனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல், குறியாக்கம் இயங்குவதாக நம்பிய கூட்டாட்சி அதிகாரிகள் பலமுறை வெளிப்படையாகவே பேசிக்கொண்டிருந்ததைக் காட்டினர். டச்சு நிறுவனமான மிட்நைட் புளூ 2023இல், டெட்ராவின் ஒரு குறியாக்க முறையில் 80 பிட் சாவி உண்மையில் 32 பிட்டாகச் சுருங்குவதை அறிவித்தது. அதே ஆண்டில் நியூயார்க் காவல்துறை தன் பேச்சைக் குறியாக்கம் செய்யத் தொடங்கியது. செவிமடுப்போரும் பத்திரிகையாளர்களும் பொதுமக்களின் அறியும் உரிமையைச் சுட்டுகின்றனர். காவல்துறையினர் அதிகாரிகளின் பாதுகாப்பையும் பாதிக்கப்பட்டோரின் அந்தரங்கத்தையும் முன்வைக்கின்றனர்.

குரல் பூட்டப்பட்டாலும், பல பி25 முறைகளின் கட்டுப்பாட்டுச் சேனல் திறந்தே இருக்கிறது. எந்தக் கருவி, எந்தக் குழுவில், எந்த நொடியில் பேசத் தொடங்கியது என்பதை அது இன்றும் அறிவித்துக்கொண்டிருக்கிறது.