நாயின் கழுத்தில் பிறந்த பெயர்

ஜொகூர் பாருவில் ஒருவருக்குக் கழுத்து வீங்கினால் வீட்டில் கழலை என்பார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ‘கொண்டோக்’ என்பார். அது கெட்ட கட்டி என்று தெரிந்தால் நமக்குப் புற்று, அவருக்கு ‘பாராஹ்’. எல்லாம் காரணப்பெயர்கள்தாம். புற்று என்றால் கறையான் புற்று கண்முன் நிற்கிறது. பாராஹ் சீழ்க்கட்டியையும் குறிக்கும். கான்சர் என்பது நம் கடக ராசியின் நண்டேதான். தைராய்டு, கிரேக்கரின் கேடயம்.

தைராய்டு புற்று பற்றிய மருத்துவ அறிக்கையில் வரும் ‘ஹூர்த்லே செல் கார்சினோமா’ மட்டும் இந்த இலக்கணத்துக்குள் அடங்காது.

கார்ல் ஹூர்த்லே ஜெர்மானிய உடலியலாளர். 1894இல் நாய்களின் தைராய்டை ஆராய்ந்து, அதிலிருந்த சில செல்களை விவரித்தார். அவர் பார்த்தவை இன்று சி செல்கள் எனப்படுபவை, கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் சுரப்பவை. நான்கு ஆண்டு கழித்து, 1898இல், மாக்ஸ் அஸ்கனாசி என்பவர் கிரேவ்ஸ் நோயாளிகளின் தைராய்டில் வேறு வகைச் செல்களைக் கண்டார். பருத்தவை, உள்ளே மணிமணியாக நிறைந்தவை. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்து, அஸ்கனாசியின் செல்லுக்கு ஹூர்த்லேயின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் யூயிங்கின் நூலில் ஏறியதும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஹூர்த்லே உண்மையில் பார்த்த சி செல்களிலிருந்தும் ஒரு புற்று வருகிறது. அதன் பெயர் மெடுல்லரி. நோயும் வேறு, மருத்துவமும் வேறு.

இத்தகைய பருத்த செல்களுக்கு 1931இல் ஹாம்பெர்ல் என்பவர் ‘ஆன்கோசைட்’ என்ற சொல்லை உருவாக்கினார். ‘ஆன்கோஸ்’ என்றால் கிரேக்கத்தில் பருமன், திரட்சி. புற்றுநோயியலைக் குறிக்கும் ஆன்காலஜிக்கும் அதே வேர். செல் பருப்பதற்குக் காரணம் அதற்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள். அஸ்கனாசி கண்ட மணிகள் இவைதாம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வகைப்பாட்டில் ஹூர்த்லேயை விலக்கி, ‘ஆன்கோசைட்டிக் கார்சினோமா’ என்று எழுதியது. ஹூர்த்லேயின் ஆய்வுக்கு 128 ஆண்டுக்குப் பிறகு பெயர்ப்பிழை நீங்கிக் காரணப்பெயர் கிடைத்தது.

பெயர் திருந்தினாலும் நோயின் குணம் மாறவில்லை. தைராய்டு புற்றுகளில் இது அரிது. ரத்தக்குழாய் வழியே நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவக்கூடியது. தைராய்டு புற்றுகளில் பலவற்றை அடக்கும் கதிரியக்க அயோடினை இது பெரும்பாலும் சரியாக உள்வாங்குவதில்லை. அதனால் அறுவை மருத்துவமே முதல் துணை.

பழைய அறிக்கையில் ‘ஹூர்த்லே’ என்றும் புதியதில் ‘ஆன்கோசைட்டிக்’ என்றும் இருந்தால், புதிதாக இன்னொரு நோய் வந்துவிட்டதென்று கலங்க வேண்டாம். இரண்டும் ஒரே செல்லின் பெயர்கள். அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள். ‘அடினோமா’ என்றிருந்தால் உறைக்குள் அடங்கிய சாதாரணக் கட்டி. ‘கார்சினோமா’ என்றிருந்தால் உறையையோ ரத்தக்குழாயையோ ஊடுருவிய புற்று. ஊசி போட்டு எடுத்த சில செல்களை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. கட்டியை முழுதாக எடுத்துப் பார்த்தாக வேண்டும். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அந்த இரண்டாம் சொல்லைப் பற்றியதுதான்.