ஒரே வாய்பாடு, இரு வடிவங்கள்: கொழுப்பை வகைப்படுத்தும் முறை குறித்து

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் இளகியே இருக்கும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்று பள்ளிப் பிள்ளைகளும் காரணம் சொல்வார்கள். காரணம் சரிதான். ஆனால் இதிலிருந்து ‘நிறைவுற்றது தீது, நிறைவுறாதது நன்று’ என்ற முடிவுக்குத் தாவுவதை வேதியியல் அனுமதிப்பதில்லை. ஹைட்ரஜன் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் இந்த இருகூற்றுப் பாகுபாடு, உடல்நலம் பற்றிய தீர்ப்புக்குப் போதாது என்பதே என் வாதம்.

நாம் உண்ணும் கொழுப்பில் பெரும்பகுதி ட்ரைகிளிசரைடு: ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்தது. 18 கார்பன் கொண்ட மூன்று அமிலங்களை எடுத்துக்கொள்வோம். ஸ்டியரிக் அமிலம் சுமார் 69 பாகை செல்சியசில் உருகும். ஓலியிக் 13 பாகையில். எலைடிக் 45 பாகையில். பின்னிரண்டுக்கும் வாய்பாடு ஒன்றே: 18 கார்பன், 34 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடமும் ஒன்றே. ஓலியிக்கில் அப்பிணைப்பின் இரு ஹைட்ரஜன்களும் ஒரே பக்கம் நிற்பதால் சங்கிலி முழங்கால்போல் மடங்குகிறது. எலைடிக்கில் அவை எதிரெதிர்ப் பக்கம் நிற்பதால் சங்கிலி நிமிர்கிறது. கோணல் சுள்ளிகளை விறகுக்கட்டாக இறுக்க முயன்றவருக்கு, ஓலியிக் ஏன் எளிதில் உறைவதில்லை என்பது விளங்கும்.

எலைடிக் போன்ற மாறுபக்க அமிலங்கள் பெருமளவில் நம் உணவுக்குள் வந்தது தொழிற்சாலை வழியாக. ஜெர்மன் வேதியியலர் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் நிக்கல் வினையூக்கியால் எண்ணெயைக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது, சில இரட்டைப் பிணைப்புகள் நிறைவடையாமலேயே நிமிர்ந்துவிடுகின்றன. முழுதும் ஏற்றினால் இரட்டைப் பிணைப்பே மிஞ்சாது. மாறுபக்கக் கொழுப்புக்கும் இடமில்லை. கேடு அந்த அரைகுறையில்தான் இருந்தது. அப்படி அரைகுறையாகக் கெட்டியாக்கிய எண்ணெய்தான் வனஸ்பதி; நம் வீடுகளில் அதன் பெயர் டால்டா.

இந்தியச் சட்டம் வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் கலக்க வேண்டும் என்று விதித்திருந்தது. நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் காட்டிக்கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு: அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃப்யூராலும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்கும் இடத்தில் சிவப்பு நிறம் தோன்றும். நுட்பமான ஏற்பாடு. ஆனால் இவ்விதி காத்தது நெய்யின் விலையை. டப்பாவுக்குள் நிமிர்ந்து நின்ற மூலக்கூறை அது கேள்வி கேட்கவில்லை.

கேள்வியை அழுத்தமாக எழுப்பியவர்கள் நெதர்லாந்தின் மென்சிங்க், கட்டான் இருவரும். 59 பேருக்கு மும்மூன்று வாரம் வெவ்வேறு கொழுப்புணவு கொடுத்து நடத்திய அவர்களின் ஆய்வு 1990இல் வெளிவந்தது. ஓலியிக் உணவோடு ஒப்பிட, மாறுபக்க அமிலம் ‘கெட்ட’ கொலஸ்ட்ராலான எல்டிஎல்லை ஏற்றியதோடு ‘நல்ல’ கொலஸ்ட்ராலான எச்டிஎல்லையும் இறக்கியது. நிறைவுற்ற கொழுப்பு எச்டிஎல்லை இறக்கவில்லை. வேதியியல் கணக்கில் ‘நிறைவுறாதது’ என்ற வரிசையில் நின்றதே இரு வகையிலும் கெடுத்தது.

நிமிர்ந்த வடிவமே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டியரிக்கும் நிமிர்ந்ததுதான், ஆனால் அது எல்டிஎல்லைக் குறிப்பிடும்படி ஏற்றுவதில்லை. அதில் ஒரு பகுதியைக் கல்லீரல் ஓலியிக்காக மாற்றிக்கொள்கிறது. அதைவிட 2 கார்பன் குறைந்த பால்மிடிக் எல்டிஎல்லை ஏற்றுகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதியாக உள்ள லாரிக் அமிலம் எல்டிஎல், எச்டிஎல் இரண்டையும் ஏற்றுகிறது. மூன்றுக்கும் பெயர் ‘நிறைவுற்றது’. ஆகவே இப்பாகுபாடு இரு கரையிலும் உடைகிறது. இதைச் சொல்வதால் நெய்யையோ தேங்காய் எண்ணெயையோ விடுவித்துவிட்டதாக யாரும் கொள்ள வேண்டாம். எல்டிஎல்லை ஏற்றும் அமிலங்கள் இரண்டிலும் தாராளமாக உள்ளன.

2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் தொழிற்சாலை மாறுபக்க அமிலம் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இவ்வாறு வெளியேறிய கொழுப்பின் இடத்தைப் பல பிஸ்கட்டுகளிலும் இனிப்புகளிலும் பாமாயில் வகைகள் நிரப்புகின்றன. அவற்றில் மிகுந்திருப்பது பால்மிடிக் அமிலம். பொட்டலத்தின் பின்புறம் ‘நிறைவுற்ற கொழுப்பு’ என்ற ஒற்றை வரியில் அதுவும் ஸ்டியரிக்கும் ஒரே எண்ணாகக் கூட்டப்பட்டு நிற்கின்றன.